ஏற்புரை முதலில், விருது கடைசியில்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் ஆத்திரம். சமூக அக்கறை, அறிவியல் மனப்பான்மை என்று எதையாவது சொல்லி வைக்கலாம்தான். ஆனால் உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? கடலூர் வட்டார அறிவியல் எழுத்தாளர் மன்றத்தின் ஆண்டு மாநாட்டில் 'சிறுகதையில் அறிவியல்' என்ற தலைப்பில் பேச என்னை அழைத்தார்கள். ஒரு மாதம் உட்கார்ந்து தயாரித்தேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சிதம்பரம் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது, "நேரமின்மை காரணமாக எழுத்தாளர் அவர்கள் உரையைச் சுருக்கிக்கொண்டு வணக்கம் மட்டும் சொல்வார்" என்று மைக்கில் அறிவித்தார்கள். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த எரிச்சலில் இவர்களை ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத என் உரை போனது ஒரு விஷயமே இல்லை என்று ஆகிவிட்டது. அதே மேடையில் அன்று மன்றச் செயலாளர் சந்திரலேகா செய்த காரியம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் பாதி அவர் பிற்பாடு சொன்னது, பாதி நான் ஊகித்தது. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

கதைக்குள் போகுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரம் கோயில் பூமியின் காந்த மையத்தில் இல்லை. தரையில் அப்படி ஒரு மையப்புள்ளியே கிடையாது. காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது கோடு, புள்ளி இல்லை. அதுவும் இடம் மாறிக்கொண்டே இருப்பது. போகிற போக்கில் இந்தியாவின் தென்கோடிப் பக்கமாகப் போகிறதே ஒழிய தில்லை வழியாகப் போகவில்லை.

(இதையெல்லாம் கடைசியில் அல்லவா வைக்க வேண்டும், எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கிறானே என்று தோன்றும். ஏன் உடைத்தேன் என்பது மூன்றாம் பகுதியில் இருக்கிறது.)

2

எங்கிருந்து ஆரம்பிப்பது? முதல் முயற்சி:

"கெடிலத்தின் மேல் காலை வெயில் தங்கமாய் உருகிக்கொண்டிருந்தபோது, சந்திரலேகா தன் —"

வேண்டாம். அன்று கெடிலத்தில் தண்ணீரே இல்லை. இரண்டாவது முயற்சி:

"அறிவியல் எழுத்து என்பது யாது? அரிய உண்மைகளை எளிய மக்களிடம் கொண்டு சேர்க்கும் உன்னதமான —"

இது என் வாக்கியம் இல்லை. மன்றத் தலைவர் கொளஞ்சியப்பன் வருடாவருடம் தலைமையுரையில் சொல்வது. கேட்டுக் கேட்டு என் கைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சரி, நேராகக் கூட்டத்துக்கே போய்விடுவோம்.

மாநாட்டுக்குத் தேதி குறிக்கிற கூட்டம், மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே ஆரோக்கியராஜின் இன்சூரன்ஸ் ஆபீஸ் மாடியில் நடந்தது. ஆரோக்கியராஜ் மன்றத்தின் பொருளாளர். பகலில் பாலிசி பிடிப்பார், மாலையில் கருந்துளைகளைப் பற்றி எழுதுவார், மாநாட்டில் மைக் பிடிப்பார். தலைவர் கொளஞ்சியப்பன் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். அவர் தலைமை தாங்குவார். வேறு எதையும் தாங்க மாட்டார். செயலாளர் சந்திரலேகா, அரசுப் பள்ளியில் வேதியியல் டீச்சர். அழைப்பிதழ் அடிப்பது, பேச்சாளர்களுக்கு போன் போட்டு பஸ் வழி சொல்வது, வராதவர்களுக்குப் பதில் ஆள் பிடிப்பது, சாம்பாரில் முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று சமையல்காரரோடு மல்லுக்கட்டுவது, இதெல்லாம் செயலாளர் தலையில்.

"ரெண்டாவது ஞாயித்துக்கெழம வச்சிக்கலாமா சார்?" என்றார் சந்திரலேகா.

கொளஞ்சியப்பன் போனில் காலண்டரைப் பார்த்தார். முகம் லேசாகச் சுருங்கியது. "அன்னிக்கி வேணாம்மா. அரை நிலா."

"அரை நிலான்னா?"

"நிலவோட ஈர்ப்புவிசை ஒரு மாதிரியா இருக்கும். மனுசன் ஒடம்புல முக்காவாசி தண்ணி, பாரு. கூட்டத்துல கவனம் நிக்காது."

அன்று அஷ்டமி. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு முடிவாயிற்று.

"ஆனா பன்னண்டு மணிக்குள்ள மேடை நிகழ்ச்சிய முடிச்சிரணும்," என்றார் ஆரோக்கியராஜ். "அதுக்கு மேல வயித்துல ஆசிட் ஜாஸ்தியா சுரக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ராகு காலம், எமகண்டம் என்ற சொற்களை மன்றத்தில் இதுவரை யாரும் உச்சரித்ததில்லை. மன்றத்தின் எந்த நிகழ்ச்சியும் அந்த நேரங்களில் நடந்ததும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு அறிவியல் காரணம் அகப்பட்டுவிடும். ஆரோக்கியராஜுக்கு இதில் நம்பிக்கை இருக்க நியாயமில்லை, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பழகிவிட்டது அவருக்கும்.]

அடுத்தது ஹால். நல்ல நாளாகப் பார்த்துக் குறித்ததால் வந்த வினை, அன்று கடலூரில் எல்லா மண்டபத்திலும் கல்யாணம். சந்திரலேகா போன் போட்ட இடமெல்லாம் கை விரித்தார்கள். அப்போதுதான் ஆரோக்கியராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்காரர் சிங்காரத்தின் பேச்சை எடுத்தார்.

"சிதம்பரத்துல அவுரு மண்டபம் ஒண்ணு இருக்கு. கல்யாணம் எதுவும் புக் ஆவாம நமக்குன்னு எடுத்து வச்சிருக்காராம். சாப்பாடும் அவுரே போட்டுர்றேங்கிறார். இந்த வருசம் 'அறிவியல் தமிழ்ச் சுடர்' விருது மட்டும் அவுரு சொல்றவங்களுக்குக் குடுக்கணுமாம்."

"அது சரிப்படாது," என்றார் சந்திரலேகா. "விருதுக்குன்னு கமிட்டி இருக்குல்ல?"

"யாருக்குன்னு கேளுங்கம்மா மொதல்ல." ஆரோக்கியராஜ் சிரித்தார். "ஒங்களுக்குத்தான்."

சந்திரலேகாவுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடமாக அந்த விருதுக்குத் தட்டில் பொன்னாடையை மடித்து வைத்து, சந்தனக் கிண்ணத்தையும் வைத்து மேடைக்கு எடுத்துக்கொண்டு போனவர் அவர். யார் யாருக்கோ போர்த்துவதை ஓரமாக நின்று பார்த்துக் கைதட்டியவர். தனக்கு இதெல்லாம் முக்கியமில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் ஆசை இருந்தது. நிறையவே இருந்தது.

"எந்தக் கட்டுரைக்காம்?" என்று கேட்டார்.

"அதாம்மா, ஒலகம் பூரா சுத்துதே. சிதம்பரம் காந்தக் கட்டுரை."

சந்திரலேகா மண்டபங்களின் பட்டியலை மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

3

அறிவியல் எழுத்தாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வதந்தியை மறுக்க வேண்டுமென்றால், முதலில் அந்த வதந்தியை அதைக் கிளப்பியவனே அசந்துபோகிற அளவுக்கு விரிவாக, உருக்கமாக எடுத்துச் சொல்வார்கள். வாசகர் 'அடேயப்பா' என்று வாயைப் பிளந்ததும், கடைசிப் பத்தியில் 'ஆனால் உண்மை என்ன?' என்று கேட்டுக் கவிழ்ப்பார்கள். மன்றத்தின் பயிலரங்கில் கொளஞ்சியப்பன் சொல்லிக்கொடுக்கும் முறை அதுதான். வாசகரை மாடிக்கு ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஏணியை எடுத்துவிடுவது என்பார்.

சந்திரலேகாவும் அந்த முறையில்தான் எழுதினார். சிதம்பரம் கோயில் பூமியின் காந்த மையம் என்று போனில் வந்த கதையை எடுத்துக்கொண்டு, ஆடும் பாதம், அதற்கு நேர் கீழே காந்த விசை, இதைத் தொலைநோக்கியும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்திலேயே கண்டறிந்த நம் முன்னோர் என்று நாலு பத்தி பிரமாதமாக எழுதினார். ஐந்தாவது பத்தியில் 'ஆனால் உண்மை என்ன?' என்று கேட்டு, இது முழுப் பொய் என்று காரணத்தோடு விளக்கி, 'இத்தனை நூற்றாண்டுகளாக நிற்கிற கோயிலுக்கு யாருடைய காந்தச் சான்றிதழும் தேவையில்லை' என்று முடித்தார். அந்தக் கடைசி வரியை எழுதிய அன்று அவருக்குத் தன் மேலேயே ஒரு பிரியம் வந்தது.

ஞாயிறு இணைப்பில் அந்தப் பக்கத்துக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்து சேர்ந்தது. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் எங்கே வெட்டுவார்கள்? கீழேதான். ஐந்தாவது பத்தி போன இடத்தில் ஆடித் தள்ளுபடி உட்கார்ந்துகொண்டது. தலைப்பையும் அவர்களே 'சிதம்பரத்தில் பூமியின் காந்த மையம்: வேதியியல் ஆசிரியை விளக்கம்' என்று மாற்றிப் போட்டார்கள்.

சந்திரலேகா மறுப்பு அனுப்பினார். 'தங்கள் நாளிதழில் என் கட்டுரை வெளியானது கண்டேன். ஆனால்' என்று தொடங்கிய மறுப்பு. மறு வாரம் வாசகர் பகுதியில் முதல் வாக்கியம் மட்டும் வந்தது.

அதற்குள் கட்டுரை போன்களுக்குப் போய்விட்டது. யாரோ குத்துவிளக்குப் படம் சேர்த்தார்கள். யாரோ 'ஆசிரியை' என்பதை 'விஞ்ஞானி' ஆக்கினார்கள். காந்தக் கதையைக் கொல்ல எழுதிய கட்டுரை அதற்கு ஆதாரமாகிவிட்டது. இனி யார் அதை மறுத்தாலும், "விஞ்ஞானி சந்திரலேகாவே சொல்லிட்டாங்களே" என்று பதில் வரும். வந்தது. சந்திரலேகாவுக்கே வந்தது, ஒரு குரூப்பில்.

(என் உண்மையை நான் முதல் பகுதியிலேயே வைத்துவிட்டது இதனால்தான். இந்தக் கதையையும் ஒரு பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன்.)

4

இப்போது கணவர். இவரை எழுதும்போது எனக்குக் கை தடுமாறுகிறது. மனைவியின் எழுத்தை மதிக்காத கணவன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். அப்படி எழுதியும் பார்த்தேன்:

"ராஜவேல் அவளுடைய கட்டுரைகளைக் கிழித்து எறிந்தான். அவன் கண்களில் —"

ஐயையோ. அந்த மனிதர் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழித்துப் போட்டிருக்க மாட்டார். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கரும்பு அரவைக் காலத்தில் வேலைக்குப் போனால் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருக்கும். சந்திரலேகா எழுத உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார். படித்ததில்லை, அவ்வளவுதான். "அந்த வேலை முடிஞ்சுதா?" என்று கேட்பார். பூச்சிக்கொல்லியைப் பற்றி எழுதினாலும் பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதினாலும் அது 'அந்த வேலை'தான்.

காந்தக் கட்டுரை ஆலைக்குள் போன அன்று, அவருடைய செக்ஷனில் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சான், இது நம்ம தங்கச்சி எழுதினதாமே!" என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அன்று மாலை ராஜவேல் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மனைவியின் கட்டுரையை மனைவிக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார். நாலு பத்தியையும். ஒரு வார்த்தை விடாமல்.

படித்து முடித்துவிட்டு, "இத்தினி வருசமா நீ எழுதுனதுல எனக்கு முழுசாப் புரிஞ்சது இதாண்டி லேகா," என்றார். "இன்னாமா எழுதியிருக்க!"

கையில் தோசைத் திருப்பியோடு நின்ற சந்திரலேகா அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவர் தன் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தார். நாளைக்குச் சொல்லிக்கலாம் என்று தோசையைத் திருப்பினார். விருதுச் செய்தி வந்ததும் நாளைக்கு என்பது இன்னும் தள்ளிப்போயிற்று. ராஜவேல் புதுச் சட்டை எடுத்தார். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக வேன் பேசினார்.

அழவேண்டும்போல இருந்தது சந்திரலேகாவுக்கு. முதன்முதலாகப் படித்த மனுசன் பொய்யை மட்டும் படித்துவிட்டாரே என்று.

5

சிங்காரம் என்ற பாத்திரத்தை நான் இரண்டு தடவை அடித்து எழுதினேன். முதலில் கட்டை மீசை, கழுத்தில் தடித்த சங்கிலி, பின்னால் நாலு ஆள் என்று வந்தார். எனக்கே சலிப்பாக இருந்தது. உண்மையான சிங்காரம் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. நெல் ஈரப்பதத்தைப் பார்க்கும் மெஷினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அவரை வில்லனாக்க முடியாததுதான் இந்தக் கதையின் தொல்லை.

சந்திரலேகா பஸ் பிடித்து காட்டுமன்னார்கோயிலுக்கே போய் அவரைப் பார்த்தார்.

"ஐயா, அந்தக் கட்டுரை அரைகொறையா வந்துருக்குங்க. நான் எழுதுனது அது இல்ல. சொல்லப்போனா அதுல இருக்குறது தப்பு."

சிங்காரம் கைகூப்பினார். "பாத்தீங்களா? இந்த அடக்கம்தான் எனக்குப் புடிச்சது. இவ்ளோ பெரிய விசயத்தக் கண்டுபுடிச்சிட்டு, தப்புங்கிறீங்க!"

"இல்லிங்கய்யா, நெசமாவே தப்பு. நான் அத மறுத்துதான் எழுதினேன்."

"எல்லாப் பெரிய விஞ்ஞானியும் தன்னையே மறுப்பாங்களாம். ஒங்க தலைவர் போன வருசம் மேடையில பேசுனாரு. நான் கடைசி வரிசையில ஒக்காந்து கேட்டேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டீச்சருக்கு மோர் கொண்டாங்கப்பா!"

மோர் வந்தது. நல்ல மோர். சந்திரலேகா அதைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

(இந்த இடத்தில் கொளஞ்சியப்பனைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன். நீளமாகப் போய்விட்டதால் எடுத்துவிட்டேன்.)

6

"கவலையே படாத," என்றார் கொளஞ்சியப்பன். "விருத வாங்கிக்க. வாங்குனதுக்கு அப்புறம் ஏற்புரை இருக்கில்ல? அதுல பக்குவமா எடுத்துச் சொல்லிரு. அவரு மனசும் நோவாது, அறிவியலும் தப்பிச்சிரும்."

"ஏற்புரை எப்ப சார்?"

"எப்பவும் போலத்தான். கடைசியில."

சந்திரலேகா அவரைப் பார்த்தார். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நிகழ்ச்சி நிரல் போடுகிறவர் சந்திரலேகாதான். தலைமையுரையும் வாழ்த்துரைகளும் இழுத்துக்கொண்டே போகும். பன்னிரண்டை நெருங்கும்போது கீழே இருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவார்கள். ஏற்புரையை முழுசாகச் சொல்லி முடித்தவர் மன்ற வரலாற்றில் கிடையாது. போன வருடம் விருது வாங்கியவர் 'அவையோர்க்கு' என்று ஆரம்பித்தபோது கைகழுவப் பாதி கூட்டம் எழுந்து போய்விட்டது.

அன்று சந்திரலேகா ஆரோக்கியராஜின் ஆபீஸ் மாடியிலேயே உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை எழுதினார். தமிழ்த்தாய் வாழ்த்து. அடுத்த வரியில், ஏற்புரை: திருமதி சந்திரலேகா. அதற்குக் கீழே வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், கருத்தரங்கம். சிறுகதை எழுத்தாளரின் உரை (இது நான்). எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், விருது வழங்குதல்.

கொளஞ்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "ஏம்மா, வரவேற்கறதுக்கு முன்னாடி ஏற்புரையா? வாங்காத விருதுக்கு எப்பிடிம்மா ஏற்புரை?"

"வாங்கப்போற விருதுதான சார்."

"அது போவட்டும். விருதக் கடைசியில கொண்டுபோய் வச்சிருக்கியே, பன்னண்டு தாண்டிச்சின்னா..." எமகண்டம் என்று சொல்ல வந்து சமாளித்தார். "ஆசிட் சுரக்கற நேரமாயிடுமேம்மா. அப்ப யாரும் எதையும் குடுக்க மாட்டாங்க. விருது போயிரும்."

"தெரியும் சார்," என்றார் சந்திரலேகா.

தெரிந்துதான் செய்தார். விருது வேண்டாம் என்று அவர் மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். மறுத்தால் அதையும் அடக்கம் என்பார்கள், அந்த அடக்கத்துக்கு இன்னொரு பொன்னாடை போர்த்துவார்கள் என்றார். அவருக்கு வேண்டியிருந்தது மைக். வெட்டுப்படாத இடத்தில் ஒரு மைக்.

அழைப்பிதழ் வந்தபோது எல்லாரும் அச்சகத்துக்காரரைத் திட்டினார்கள்.

7

மாநாடு. இந்தப் பகுதியைப் பெரிதாக எழுதவேண்டும் என்றுதான் எண்ணியிருந்தேன். வாசலில் பன்னீர் தெளித்தது, காலைப் பொங்கலுக்கு ஊற்றிய கொத்சு, வந்தவர்களில் பாதிப் பேர் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் சுற்றிச் சுற்றி நடந்தது (அது வடக்கைத்தான் காட்டியது), எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டியது சந்திரலேகா என்ன பேசினார் என்பதுதானே?

முதலில் ஆறு பக்கத்துக்கு ஓர் உரை எழுதி வைத்திருந்தார். காந்தப்புலம் என்றால் என்ன, நடுக்கோடு எங்கே, ஏன் நகர்கிறது என்று தெளிவாக, அழகாக. மேடைப் படி ஏறும்போது பார்த்தால் முன்வரிசையில் ஏழெட்டு போன்கள் அவரை நோக்கி உயர்ந்து நின்றன. அந்தப் போன்களைப் பார்த்ததும் வேறொன்று உறைத்தது. பத்திரிகை கீழேதான் வெட்டும். இவர்கள் எங்கே வேண்டுமானாலும் வெட்டுவார்கள். ஆறு பக்கத்தில் 'சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்று' வரை நறுக்கி எடுத்து ஊருக்கு அனுப்ப எத்தனை நேரம் ஆகும்?

தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தார். மூன்றாவது வரிசையில் ராஜவேல் புதுச் சட்டையில் எழுந்து நின்று, அக்கம்பக்கத்தில் மறைத்தவர்களைச் சற்று விலகச் சொல்லி, போனை இரண்டு கையாலும் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். சந்திரலேகா அவரைப் பார்த்தபடியே பேசினார்.

"சிதம்பரம் கோயில் பூமியோட காந்த மையத்துல இல்ல, இருக்குன்னு நான் எழுதவும் இல்ல, வணக்கம்."

இறங்கிவிட்டார்.

கூட்டம் ஒரு கணம் முழித்தது. பிறகு கைதட்டியது, தட்டிப் பழகிய கை. மன்ற வரலாற்றில் முழுசாகச் சொல்லப்பட்ட ஒரே ஏற்புரை அதுதான். ஆரோக்கியராஜ் மைக்கைப் பிடித்து, "செயலாளர் அவர்கள் தமக்கே உரிய அடக்கத்தோடு..." என்று ஆரம்பித்தார். மேடையில் சிங்காரம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"இருங்க. அந்தம்மா அன்னிக்கி என் மில்லுக்கே வந்து இதத்தான் சொன்னாங்க. நான்தான் மோர் குடுத்து அனுப்பிச்சிட்டேன்." முகம் சுண்டிப்போயிருந்தது. எழுந்தும் போகவில்லை. சாப்பாட்டையும் நிறுத்தவில்லை.

அதன்பின் எல்லாம் வழக்கப்படி நடந்தது. வரவேற்றார்கள், தலைமை தாங்கினார்கள், வாழ்த்தினார்கள். என் உரை போனது. பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது கொளஞ்சியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் ஆசிட் சுரக்க ஆரம்பிச்சிருக்கும்" என்று சிரித்தார். விருது வழங்குதல் நேரமின்மை காரணமாகக் கைவிடப்பட்டது. தட்டில் இருந்த பொன்னாடையை வீணாக்க வேண்டாம் என்று தலைவருக்கே போர்த்தினார்கள். தட்டை ஏந்தி நின்றது சந்திரலேகா.

8

முடிவு. மூன்று எழுதினேன். ஒன்றில் பத்திரிகை ஐந்தாவது பத்தியை மன்னிப்போடு வெளியிடுகிறது. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்றில் சிங்காரம் மில்லுக்குப் போய், தான் அந்தக் கட்டுரையை அனுப்பிய அத்தனை பேருக்கும் போன் போட்டுத் தப்பு என்று சொல்கிறார். இது நடந்தாலும் நடக்கும், ஆனால் எனக்குத் தெரியாது. மூன்றாவதில் சந்திரலேகா மன்றத்தை விட்டு —

இல்லை. அடுத்த வருடத்துக்கு ஹால் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். பந்திக்கு நின்ற வரிசையில் நான் அவருக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றேன். ராஜவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வேனில் வந்த சொந்தக்காரர்கள் ஒரு மூலையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"செக்ஷன் ஆளுங்க வீடியோ அனுப்பு, வீடியோ அனுப்புன்னு உசுர வாங்குறானுவோ," என்றார். "இன்னாத்த அனுப்புறது?"

"எடுத்தத அனுப்புங்க."

"அனுப்பிட்டு நாளைக்கி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வேலைக்குப் போவேன்?"

வரிசை ஓரடி நகர்ந்தது. ராஜவேல் குரலைத் தாழ்த்தினார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக ஏதோ இருந்தது.

"ஏண்டி, எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா, வந்திருப்பீங்களா?"

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பிறகு ஒரு பதில் சொன்னார். என் காதில் தெளிவாக விழுந்தது. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். 'வந்திருப்பேன்' என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். 'வந்திருக்க மாட்டேன்' என்று எழுதினால் அவரை வெறுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். இரண்டும் நடக்கக்கூடாது.

அதனால் அந்த ஒரு வரியை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர், நீங்கள் பெயர்கூட வைக்காமல் 'அந்த வேலை' என்று சொல்லும் ஏதோ ஒன்றை, வருடக்கணக்காகச் செய்துகொண்டிருப்பார். பாடுவார், தைப்பார், எழுதுவார். அதில் ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரைக்கும் நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துவிட்டு, ராஜவேலின் பதிலை நீங்களே எழுதுங்கள். உங்கள் வீட்டு அந்த ஒருவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். வேண்டுமானால் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ராஜவேல் சொன்னார்: